இழை: 4 வயசுப் பையன், 5 நாளுக்கு ஒருக்காதான் வெளிக்குப் போறான் – சாப்பாட்டுலயே சரி பண்ணலாமா?

தாராபுரத்தான்
வணக்கமுங்க. பையனுக்கு 4 வயசு, எடை 15 கிலோ. 4 நாள், 5 நாளுக்கு ஒருக்காத்தான் வெளிக்குப் போறான். போனா கக்கூஸ் அடைக்கிற பருமன், முனையில ரத்தக் கோடு. நடுவுல ஜட்டியில கொஞ்சம் கொஞ்சமா கசியுது, பேதின்னு ஓஆர்எஸ் குடுத்துட்டு இருக்கோம். கதவுக்குப் பின்னால போய் காலைப் பின்னிக்கிட்டு முக்குறான், வர மாட்டேங்குது. பிறந்தப்போ ஒண்ணும் பிரச்சனை இல்லை, வளர்ச்சி நல்லாத்தான் இருக்குது. மருந்து இல்லாம சாப்பாட்டுலயே சரி பண்ண வழி இருந்தா சொல்லுங்க.

நொய்யல்கரை (குழந்தைகள் வார்டு செவிலியர்)
அவன் முக்கலைங்க, அடக்குறான். உடம்பு நிக்கிற விதத்துலயே தெரியும். தள்ளணும்னு நினைக்கிற குழந்தை குத்த வைக்கும், முட்டியை மடக்கும். அடக்குற குழந்தை காலை விறைப்பா நீட்டும், குதிகாலைத் தூக்கி நுனிக்கால்ல நிக்கும், தொடையைப் பின்னும், எதையாவது பிடிச்சுக்கிட்டு முகம் செவந்து போகும், மூலையில போய் ஒளியும். வாசல் வரைக்கும் வந்ததை, புட்டத்துச் சதையை இறுக்கி மேலே திருப்பி அனுப்புற வேலை அது.

ஆரம்பம் பெரும்பாலும் ஒரே ஒரு நாள் வலிதான். காய்ச்சல் வந்து தண்ணி குறைஞ்சிருக்கும், இல்லாட்டி மாட்டுப்பாலுக்கு மாத்தின சமயம், டயாப்பர் நிறுத்தின சமயம், பள்ளிக்கூடம் சேர்த்த புதுசு. மலம் இறுகி, ஆசனவாய் ஓரத்துல சின்னதா ஒரு வெடிப்பு. உங்க பையனுக்குத் தெரியற ரத்தக் கோடு அதுல இருந்து வர வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை உந்துதல் வந்ததும் அந்த எரிச்சல் ஞாபகம் வரும், அடக்கும். பெருங்குடல் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். உள்ளே தங்கத் தங்க மலம் காஞ்சு, பெருத்துப் போகும். அது வெளியே வர்ற அன்னைக்கு இன்னும் அதிகமா வலிக்கும். குழந்தை கணக்குப்படி, அடக்கினது சரிதான்னு ஆயிடும்.

இது மாசக்கணக்குல நடந்தா மலக்குடல் விரிஞ்சிரும். விரிஞ்ச குடலுக்கு 'நிறைஞ்சிருச்சு'ங்கிற உணர்வு மங்கிப் போகும். மேலே இருந்து வர்ற தளர்ந்த மலம், கட்டியைச் சுத்தி வழிஞ்சு ஜட்டியில கசியும். நீங்க பேதின்னு நினைச்சது இதுதானுங்க. ஓஆர்எஸ் தேவையில்லை, பேதி நிறுத்தற மருந்து குடுத்தா நிலைமை இன்னும் கெடும். கசியறது அவனுக்கே தெரியாது. அதுக்காகத் திட்டறது, கேலி பண்றது, பாட்டி வந்தா கோள் சொல்றது எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க.

குடல் கோளாறுகளுக்கு நிபுணர் குழு வகுத்த, டாக்டருங்க பார்க்கற ரோம் 4 வரையறை இப்படி: வாரத்துக்கு 2 தடவையோ அதுக்குக் குறைவாவோ போறது, அடக்குற வழக்கம், வலி இல்லாட்டி இறுகின மலம், கக்கூஸ் அடைக்கிற பருமன், மலக்குடல்ல பெரிய கட்டி, கக்கூஸ் பழகின குழந்தைக்கு வாரத்துல ஒரு தடவையாவது கசிவு. இதுல 2 இருந்து, 1 மாசம் நீடிச்சா, வேற நோயும் காரணம் இல்லைன்னா, பழக்கத்தால வந்த மலச்சிக்கல்னு பேரு. நீங்க எழுதினதுலயே 2க்கு மேல இருக்குது. மலச்சிக்கல்னு வர்ற குழந்தைகள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல இந்த ரகந்தான். வயித்தைத் தொட்டுப் பார்த்து, முதுகுத்தண்டோட அடியையும் ஆசனவாயையும் வெளியில இருந்து பார்த்தாலே டாக்டருக்குப் பெரும்பாலும் போதும். எல்லாருக்கும் ஸ்கேன், எக்ஸ்ரே தேவைப்படாது.

உங்க கேள்விக்கு நேரான பதில்: இப்போதைக்கு சாப்பாடு மட்டும் போதாதுங்க. உள்ளே கட்டி உக்காந்திருக்கும்போது நார்ச்சத்தை ஏத்தினா பின்னால இன்னும் சேரும், வயிறு உப்பும், சோறு இறங்காது. முதல்ல காலி பண்ணணும், அப்பறம் மாசக்கணக்குல இளக்கமா வச்சுக்கணும். சாப்பாடு வேலை செய்யறது அதுக்குப் பிறகு.

வேற நோய்க்கான அறிகுறிகளையும் சொல்லிடறேன், இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சேர்த்து. பிறந்து 48 மணி நேரம் கழிச்சும் முதல் கறுப்பு மலம் போகாதது, பிறந்த முதல் மாசத்துலயே மலச்சிக்கல் ஆரம்பிச்சது, பச்சையா வாந்தி, வயிறு பறை மாதிரி உப்பிக் கிடக்கறது, மலம் எப்பவும் நாடா மாதிரி மெலிசா வர்றது, எடை ஏறாதது, கால்ல பலம் குறையறது, முதுகுத்தண்டு முடியற இடத்துல குழியோ முடிக்கொத்தோ, ஆசனவாய் இடம் மாறி இருக்கறது, வெடிப்பு இல்லாமலே ரத்தம். இதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் பேசிட்டு இருக்காம, குழந்தை அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பச்சை வாந்தியும் உப்பலும் சேர்ந்தா அன்னைக்கே. டென்மார்க் டாக்டர் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886ல விவரிச்ச நோய் ஒண்ணு உண்டு. குடலோட கடைசிப் பகுதியில நரம்பு முடிச்சுகள் பிறவியிலேயே இருக்காது. சுமார் 5000 குழந்தைக்கு ஒண்ணுக்கு வரும். அதுக்கு ஆபரேஷன்தான் தீர்வு. தைராய்டு குறைவு, கோதுமைப் புரதத்தால வர்ற சீலியாக் குடல் நோய், பால் புரத ஒவ்வாமை இதெல்லாமும் டாக்டர் மனசுல வச்சுக்கற காரணங்கள்.

சென்னிமலை
எல்லாஞ் சரி. ஆனா கொட்டமுத்து எண்ணெய் (விளக்கெண்ணெய்) நம்ம பக்கம் தலைமுறை தலைமுறையா குடுத்துட்டு வந்ததுதானுங்க. ஒரு ஸ்பூன் வெந்நீர்ல குடுத்தா 4 மணி நேரத்துல சுத்தமாயிரும். அதை விட்டுட்டு எதுக்கு மாசக்கணக்குல மருந்து?

பெருந்துறை_மருந்தகம் (மருந்தாளுநர்)
சென்னிமலை அண்ணா, எண்ணெய் வேலை செய்யாதுன்னு யாரும் சொல்லலை. வேலை செய்யற விதந்தான் இங்க பொருந்தலை. விளக்கெண்ணெய்ல இருந்து குடல்ல உண்டாகற ரிசினோலெயிக் அமிலம் குடலை முறுக்கித் தள்ள வைக்கும். முன்னாடி கல்லு மாதிரி அடைச்சிருக்கும்போது பின்னாடி இருந்து தள்ளினா குழந்தைக்குக் கிடைக்கறது வயித்து முறுக்கலும் இன்னொரு வலியும்தான். வலிக்குப் பயந்து அடக்குற பையனுக்கு அந்த வலியையே திரும்பக் குடுக்கறோம். சுத்தமானாலும் அடுத்த வாரம் பழையபடி சேரும்.

இதுக்கு முதல் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350, கடையில 'பெக் பவுடர்'னு கேக்கறது. இந்தியக் குழந்தை குடல்நோய் நிபுணர்களோட 2018 வழிகாட்டுதல்லயும் 1 வயசுக்கு மேல முதல் தேர்வு இதுதான். இது ரத்தத்துல சேர்றது மிகமிகக் குறைவு. எந்தத் தண்ணியில கரைச்சுக் குடிச்சோமோ அந்தத் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு குடல்ல கீழே வரைக்கும் கொண்டு போகும். அதனால பவுடரை ஒரு மடக்குத் தண்ணியில கெட்டியாக் கரைச்சு ஊட்டினா பாதிப் பலன்தான்.

அளவை எடையை வச்சுத்தான் போடணும். எத்தனை நாள், எந்த அளவுன்னு டாக்டர் எழுதறதுதான் முடிவு. அவர் சொல்றது புரியறதுக்காக இந்தக் கணக்கு:

கட்டியை இளக்கி வெளியேத்த ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். 15 கிலோ பையனுக்கு 15 முதல் 22 கிராம் வரும். அதுக்கப்பறம் தினப்படி அளவு கிலோவுக்கு 0.4 கிராம்ல ஆரம்பிச்சு, 0.8 வரைக்கும் தேவைப்படலாம். அதாவது 6 முதல் 12 கிராம்.

அளக்கறதுக்கு எளிய வழி: 17 கிராம் சாஷே ஒண்ணை 170 மில்லி தண்ணியில முழுசாக் கரைச்சுக்குங்க. இப்போ 10 மில்லிக்கு 1 கிராம். 6 கிராம் வேணும்னா 60 மில்லி. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள தீர்த்துருங்க. அளக்க இருமல் சிரப் மூடியே போதும். சமையல் ஸ்பூன் வேண்டாம், வீட்டுக்கு வீடு அளவு வேற.

இங்க நடக்கற தப்பு ரெண்டு. ஒண்ணு, குடலைப் பார்க்கற கேமரா டெஸ்ட்டுக்கு முன்னாடி பெரியவங்க 2 லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிக்கிற 137 கிராம் பொட்டலமும் பெக்குதான். பேரு ஒரே மாதிரி இருக்கறதால குழந்தைக்கு அதை வாங்கிட்டுப் போயிடறாங்க. கிராமைப் பார்த்து வாங்குங்க. ரெண்டாவது, உப்புகள் சேர்ந்த சின்ன சாஷேயில பெக் 13 கிராம் சொச்சந்தான் இருக்கும், உப்புக் கரிக்கும். உப்பில்லாததுக்குச் சுவையே கிடையாது. 170 மில்லி கணக்கு 17 கிராம் சாஷேக்கு மட்டும். 13 கிராம்னா 130 மில்லி.

லாக்டுலோஸ் சிரப் எழுதிக் குடுத்திருந்தாலும் தப்பில்லை, 1 வயசுக்குக் கீழே அதுதான். 15 மில்லியில 10 கிராம் இருக்கும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். தித்திப்பு, வாயு பிடிக்கும், குடிச்சதும் வாய் கொப்பளிக்க வைங்க. லிக்விட் பாரஃபின் கலந்த வெள்ளை சிரப்பை 1 வயசுக்குக் கீழேயும், வாந்தி எடுக்கற, விழுங்கத் தடுமாறுற குழந்தைக்கும் குடுக்கவே கூடாது. புரை ஏறி நுரையீரலுக்குப் போனா எண்ணெய் நிமோனியா.

பாஸ்பேட் இனிமா பாட்டில் கடையில சுலபமாக் கிடைக்குது. 2 வயசுக்குக் கீழே கூடாது. அதுக்கு மேலயும் நீங்களா வாங்கி வீட்டுல வைக்காதீங்க. உள்ளேயே தங்கிட்டா ரத்தத்துல பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி, வலிப்பு வரைக்கும் போகும். சரியான அளவுல பெக்கை வாய் வழியாக் குடுத்தாலே கட்டி இளகறதுக்கு இனிமாவுக்குச் சமமான பலன் கிடைக்கும். பயந்து போன குழந்தைக்குப் பின்னால கை வைக்காம முடியறது பெரிய லாபம்.

தாராபுரத்தான்
டாக்டரைப் பார்த்தாச்சுங்க. இடது பக்கம் அடிவயித்துல கட்டி தட்டுப்படுதுன்னு சொன்னாரு. பெக் 20 கிராம் வீதம் எழுதியிருக்காரு. எப்ப ஆரம்பிக்கறது, முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?

நொய்யல்கரை
வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பிங்க. திங்கக்கிழமையும் லீவு போடத் தயாரா இருங்க. 20 கிராம்னா மேல சொன்ன கரைசல் 200 மில்லி. ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சு, வேளைக்கு அரை மணி நேரத்துக்குள்ள குடிக்கற மாதிரி. சில்லுன்னு இருந்தா குழந்தைங்க சுலபமாக் குடிக்கும். எலுமிச்சை ஜூஸ்ல கலக்கலாம். கஞ்சியில, கூழ்ல வேண்டாம்.

முதல் ரெண்டு நாள் கசிவு அதிகமாகும். இங்கதான் பல பேர் 'பேதி பிடுங்கிருச்சு'ன்னு நிறுத்திடறாங்க. அது பழைய கட்டியைச் சுத்தி வழியற தண்ணி, இன்னும் கட்டி வெளியே வரலை. அப்பறம் துண்டு துண்டா, நாத்தம் அதிகமா, கறுப்புக் கலந்து வரும். கடைசியில கட்டியே இல்லாம கலங்கின பழுப்புத் தண்ணியாப் போகும். அதுதான் முடிவு. 6 நாள் ஆகியும் அப்படி வரலைன்னா, நீங்களா நீட்டிக்காம திரும்ப டாக்டர்கிட்ட காட்டுங்க. நடுவுல வாந்தி, வயிறு கல்லாட்டம் இறுகறது, காய்ச்சல்னு வந்தாலும் அப்படியே.

மலம் படற தோல் வெந்து போகும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, துணியால ஒத்தி எடுத்து, வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ கனமாப் பூசுங்க. வெடிப்பு இருக்கற குழந்தையை ஒரு பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி விட்டு 10 நிமிஷம் உக்கார வச்சா தசை தளரும். உப்பு, டெட்டால் எதுவும் போடாதீங்க. ஆசனவாயைச் சுத்தி வளையமா ரத்தச் சிவப்பா இருந்தா அது வெடிப்பு இல்லை. ஸ்ட்ரெப் கிருமித் தொற்றா இருக்கலாம், அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேணும்.

கட்டி போன மறுநாளே தினப்படி அளவை ஆரம்பிச்சுருங்க. ஒரு நாள் இடைவெளி விட்டாலும் விரிஞ்ச குடல் திரும்ப நிரப்பிக்கும்.

ஆழியாறு (உணவியல்)
கட்டி போனதுக்குப் பின்னால வர்ற கதையை நான் எழுதறேன்.

நார்ச்சத்துக் கணக்குக்கு ஒரு எளிய விதி: குழந்தையோட வயசு கூட்டல் 5. 4 வயசுக்கு 9 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில சுமார் 11 கிராம், கம்புலயும் 11, சோளத்துல 10. தீட்டின வெள்ளை அரிசியில 3 கூட முழுசா இல்லை. நம்ம அப்பத்தாமார் கம்மஞ்சோறும் ராகிக் களியும் சோளச்சோறும் ஆக்கின ஊருதானுங்க இது. இப்போ குழந்தை தட்டுல காலையில இட்லி, மதியம் தயிர் சோறு, நாலு மணிக்கு பேக்கரி பன், ராத்திரி தோசை. நாலும் அரிசியும் மைதாவும்தான்.

ராகியிலயும் ஒரு கோளாறு இருக்குது. முளை கட்டி அரைச்சு வெள்ளைத் துணியில வடிகட்டி எடுக்கற ராகிப் பால்ல மாவுச்சத்துதான் மிஞ்சும். தவிடு முழுக்கத் துணியோட போயிரும். 7, 8 மாசக் குழந்தைக்கு அப்படிக் குடுக்கறாங்க, சரி. 2 வயசு தாண்டியும் அதையே குடுத்துட்டு 'தினமும் ராகி குடுக்கறேனே'ன்னு சொன்னா எப்படி? சலிக்காத மாவுல களியோ அடையோ தோசையோ ஊத்துங்க. இட்லி தோசை மாவுக்கு அரிசியில மூணுல ஒரு பங்கு கம்பு சேர்த்து அரைச்சா குழந்தைக்கு வித்தியாசமே தெரியாது.

அரிசிம்பருப்பு சாதத்தை விட்டுறாதீங்க. அதுல துவரம்பருப்புல பாதியைக் குறைச்சு, தோலோட இருக்கற பச்சைப்பயறு போடுங்க. இறக்கறதுக்கு 5 நிமிஷம் முன்னால ஒரு கை முருங்கைக் கீரை. நெய் ஊத்தலாம். கொள்ளு வேக வச்சா, தண்ணியை ரசத்துக்கு வடிச்சுட்டுப் பயறைப் பெரியவங்களே தின்னுடறது நம்ம வீட்டு வழக்கம். ரசத்துல நார் ஒண்ணும் இல்லை. கடைஞ்ச கொள்ளுப் பருப்பு ரெண்டு ஸ்பூன் குழந்தை சோத்துலயும் போகட்டும்.

பழம்னா கொய்யாதான் முதல். 100 கிராம்ல 5 கிராமுக்குக் குறையாம நார். கொட்டையோட, நல்லாப் பழுத்ததா, சின்னக் குழந்தைக்கு மசிச்சு. மேட்டுப்பாளையம் பக்கம் வண்டியில வர்ற ஊட்டிப் பேரிக்காய், பிளம்ஸ் ரெண்டுலயும் சார்பிட்டால்னு ஒரு சர்க்கரை இருக்குது. அது குடல்ல முழுசா உறிஞ்சப்படாம தண்ணியை இழுத்து வச்சுக்கும். தோலோட குடுங்க. உலர்திராட்சை 10, 12 ராத்திரி ஊற வச்சு, காலையில தண்ணியோட நசுக்கி. பப்பாளியும் நல்லது. வாழைப்பழம் பத்தி எப்பவும் சண்டை வரும்: தோல்ல புள்ளி விழுந்து கனிஞ்ச பூவன், கற்பூரவள்ளி தாராளமா குடுக்கலாம், காம்பு பச்சையா இருக்கற பழத்துலயும், பாலக்காட்டு எல்லையில குழந்தைக்குக் காய்ச்சற நேந்திரங்காய் மாவுலயும் செரிக்காத மாவும் துவர்ப்பும் அதிகம். இறுகுற குழந்தைக்கு அது வேண்டாம்.

தண்ணி: 15 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு எல்லாத் திரவமும் சேர்த்து சுமார் 1250 மில்லி. பால், மோர், ரசம், இளநீர் எல்லாம் இதுல அடக்கம். அதுக்கு மேல வம்பா ஊத்தினா மூத்திரமாப் போகுமே தவிர மலம் இன்னும் இளகாது. 

பால்தான் நம்ம பக்கம் பெரிய விஷயம். தொண்டுப்பட்டியில மாடு நிக்கற வீட்டுல குழந்தை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கும், 'சோறு திங்கலைன்னாலும் பாலாச்சும் குடிக்குதே'ன்னு பெருமை. 1 வயசுக்கு மேல 400, 500 மில்லி போதும். அதுக்கு மேல போனா வயிறு நிறைஞ்சு சோறு, காய் இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். மருந்தும் சாப்பாடும் ஒழுங்கா இருந்தும் சரியாகலைன்னா, டாக்டர் சொன்னா மட்டும் 2 முதல் 4 வாரம் பாலையும் தயிரையும் முழுசா நிறுத்திப் பார்ப்பாங்க, பால் புரத ஒவ்வாமையான்னு தெரிஞ்சுக்க. எருமைப்பாலுக்கு மாத்தறது அதுக்குப் பதில் ஆகாது, புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அந்தியூர்_அம்மிணி
எங்க பாப்பாவுக்கு 2 மாசமுங்க. தாய்ப்பால் மட்டும். 6 நாளாப் போகலை. போறதுக்கு முன்னால 10, 15 நிமிஷம் முகம் செவந்து அழுகுது, வந்தா களி மாதிரி இளக்கமாத்தான் வருது. அம்மிச்சி வெத்தலைக் காம்பை எண்ணெயில தொட்டு வைக்கலாங்கறாங்க.

நொய்யல்கரை
வைக்க வேண்டாமுங்க. பாப்பாவுக்கு இருக்கறது மலச்சிக்கலே இல்லை.

தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தை, முதல் மாசம் தாண்டினதும் ஒரு வாரம், சில சமயம் 10 நாள் வரைக்கும் போகாம இருக்கறது உண்டு. பால் குடிக்குதா, மூத்திரம் ஒரு நாளைக்கு 6 தடவையாவது போகுதா, எடை ஏறுதா, வயிறு மெதுவா இருக்குதா, வந்தா இளக்கமா வருதா – அஞ்சுக்கும் ஆமான்னா சும்மா இருக்கலாம். முகம் செவந்து அழறது, வயித்தை முக்கும்போதே கீழே சதையைத் தளர்த்தணும்கிற ஒத்துழைப்பு இன்னும் பழகலைங்கறதால. 9 மாசத்துக்குள்ள பார்க்கற விஷயம், தானாப் போயிரும். காம்பு, சோப்புத் துண்டு, தெர்மாமீட்டர் நுனின்னு எதை விட்டாலும் அந்தப் பழக்கம் தள்ளிப்போகும். தோல் கிழியவும் வாய்ப்பு. காலை சைக்கிள் மிதிக்கற மாதிரி மடக்கி நீட்டி, தொப்புளைச் சுத்தி கடிகார முள் சுத்தற திசையில மெதுவாத் தடவுங்க. 6 மாசம் வரைக்கும் தண்ணி வேண்டாம். 1 வயசு வரைக்கும் தேனை நாக்குல கூட வைக்காதீங்க.

டப்பாப் பால் குடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான டப்பாவுல 30 மில்லிக்கு ஒரு ஸ்பூன், மட்டமாத் தட்டினது. பால் கெட்டியா இருந்தா பிள்ளை தேறும்னு குவிச்சுப் போட்டா மலம் இறுகும், சிறுநீரகத்துக்கும் பாரம்.

சென்னிமலை
உரை மருந்துல கடுக்காய் இருக்குதே, அது மலத்தை இளக்குமே. அதுவும் வேண்டாமா?

பெருந்துறை_மருந்தகம்
கடுக்காய் இளக்கும், அதே கல்லுல உரசற மாசிக்காய் துவர்ப்பு, கட்டும். எத்தனை சுத்து உரசினாங்க, யாரு உரசினாங்கங்கறதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் அளவு வேற. இளங்குழந்தைக்கு அப்படி ஒரு மருந்து தேவையில்லை. பெரிய பிள்ளைகளுக்கு நாட்டு மருந்துக் கடையில வாங்கற நிலாவரைப் பொடியும் வீரியமானதுதான். அலோபதியில இருக்கற சென்னா மாத்திரையும் அதே செடி. டாக்டர் சில குழந்தைகளுக்குப் பெக்கோட சேர்த்து அளந்து எழுதுவாரு. பொடியா குடுத்தா அளவு தெரியாது, முறுக்கி வலிக்கும். டயாப்பர் கட்டின குழந்தைக்கு அந்த மலம் தோல்ல கிடந்தா தீப்பட்ட மாதிரி கொப்புளம் வரும். ஆமா, பூச்சி மருந்து குடுத்தா மலச்சிக்கல் போகும்கறதும் தப்பு. அது பூச்சிக்கு மட்டும்.

கொடிவேரி (அங்கன்வாடி, தொடக்கப்பள்ளிப் பயிற்சி)
மருந்தையும் சாப்பாட்டையும் சொல்லியாச்சு, உக்கார்ற இடத்தைப் பத்தி யாரும் பேசலை.

சாப்பிட்டு முடிச்ச 20, 30 நிமிஷத்துல பெருங்குடல் தானா அசையும். அந்த நேரத்துல 5 நிமிஷம் உக்கார வைக்கணும், 10க்கு மேல போகக் கூடாது. காலையில 7.15க்கு வேன் வந்து நிக்கற வீட்டுல காலை நேரத்தைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம். அவசரப்படுத்தினா அடக்குற குழந்தை இன்னும் அடக்கும். சாயங்காலம் பலகாரம் தின்னதுக்கு அப்பறம் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரு தடவை. பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போற வீட்டுலயும் ராத்திரி நேரம் கிடைச்சுரும்.

வெஸ்டர்ன் கக்கூஸ்னா ரெண்டு குறை: குழி பெருசு, விழுந்துருவோம்னு குழந்தை கையை ஊனித் தொடையை இறுக்கும், கால் அந்தரத்துல தொங்கும். சின்ன வளையம் ஒண்ணு மேல வைங்க, காலுக்குக் கீழே மணைப்பலகையோ பிளாஸ்டிக் ஸ்டூலோ. முட்டி இடுப்பை விட உயரமா வரணும், பாதம் முழுசாப் பதியணும், முழங்கையை முட்டி மேல ஊனிக் கொஞ்சம் முன்னால சாயணும். இந்தியன் கக்கூஸ் முறைப்படி நல்லது, ஆனா பாதம் வைக்கற மேடு பெரியவங்க அளவு. 4 வயசுக் குழந்தை காலை அகட்டி வச்சுத் தடுமாறும். வீட்டுல ஓரமா ஒரு சின்ன மலத்தொட்டி (potty), குத்த வைக்கற உயரத்துல, போதும்.

உக்கார்ந்ததும் சோப்பு நுரை ஊத விடுங்க, இல்லாட்டி பலூன். ஊதும்போது வயிறு தள்ளும், கீழே சதை தளரும். செல்போன் குடுத்தா உக்காருவான், தள்ள மாட்டான். உக்கார்ந்ததுக்கு ஸ்டிக்கர் குடுங்க. வந்ததுக்குக் குடுத்தா, வராத நாள்ல தோத்த மாதிரி நினைப்பான்.

டயாப்பர்ல மட்டும் போற குழந்தைன்னா வம்பு பண்ணிக் கழட்ட வேண்டாம். வலி போகற வரைக்கும் அதுலயே போகட்டும். அப்பறம் டயாப்பரோட பாத்ரூம்ல நிக்க வைக்கறது, டயாப்பரோட மலத்தொட்டியில உக்கார வைக்கறதுன்னு ஒவ்வொரு படியா.

பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுங்க: கேட்ட உடனே வெளியே விடணும், பையில மாத்து ஜட்டி இருக்குது, மத்தப் பிள்ளைங்க முன்னால பேச வேண்டாம். தண்ணி வராத, தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ்னா பிள்ளைங்க காலையில இருந்து தண்ணியே குடிக்காம வரும். சாயங்காலம் தண்ணி பாட்டில் நிறைஞ்சபடி திரும்பி வந்தா, பள்ளிக்கூடக் கக்கூஸை ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க.

தாராபுரத்தான்
4 நாள்ல சுத்தமாயிருச்சுங்க. இப்ப தினமும் 60 மில்லி. நேத்து ராத்திரி அவனே போய் உக்கார்ந்தான். வீட்டுல பெரியவங்க 'இப்பவே நிறுத்திரு, பழக்கமாயிரும்'ங்கறாங்க. எத்தனை நாள் குடுக்கறது?

நொய்யல்கரை
நல்லாப் போக ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துல நிறுத்தறதுதான் திரும்ப வர்றதுக்கு முதல் காரணம். குறைஞ்சது 2 மாசம். நிறுத்தறதுக்கு முன்னால, ஒரு தொந்தரவும் இல்லாத முழு மாசம் ஒண்ணு கடந்திருக்கணும். விரிஞ்ச மலக்குடல் சுருங்கி உணர்வு திரும்ப மாசக்கணக்குல ஆகும், அதனால பல குழந்தைகளுக்கு 6 மாசமும் அதுக்கு மேலயும் போகும். பெக்குக்குக் குடல் அடிமை ஆகாது. தண்ணியைப் பிடிச்சு வைக்கறது மட்டும்தான் அதோட வேலை. கக்கூஸ் பழகிட்டு இருக்கற வயசுன்னா, அது முழுசாப் படிஞ்ச பின்னால பாருங்க. குறைக்கும்போது சில வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சங் கொஞ்சமா, டாக்டர்கிட்ட சொல்லிட்டு: 60ல இருந்து 50, அப்பறம் 40. திரும்ப இறுகினா ஒரு படி மேல போங்க.

காலண்டர்ல தினம் ஒரு குறிப்பு போடுங்க. போனானா, எந்த ரகம், வலி இருந்துதா, கசிவு இருந்துதா, எத்தனை மில்லி குடிச்சான். ரகத்துக்கு 1997ல வந்த பிரிஸ்டல் அட்டவணை இருக்குது: 1 தனித்தனி ஆட்டுப்புழுக்கை, 2 கட்டி கட்டியாச் சேர்ந்து நீளமா, 3 மேல வெடிப்பு உள்ளது, 4 வழவழப்பா நீளமா, 5 மெதுவான துண்டு, 6 குழைஞ்சது, 7 வெறும் தண்ணி. மருந்து குடுக்கற காலத்துல 4, 5 தான் குறி. 3 ஆச்சுன்னா 10 மில்லி ஏத்துங்க, 6 ஆச்சுன்னா 10 மில்லி இறக்குங்க. ஏத்தினாலும் இறக்கினாலும் 2, 3 நாள் பொறுத்துப் பார்த்துட்டு அடுத்த மாத்தம். டாக்டர் குடுத்த எல்லைக்குள்ள.

அந்தியூர்_அம்மிணி
இன்னொரு சந்தேகமுங்க, நாத்தனார் பொண்ணுக்கு. 6 வயசு, ராத்திரி படுக்கையில மூத்திரம் போகுது, அடிக்கடி நீர்க்கடுப்பு. ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்காதான் வெளிக்குப் போறா. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

நொய்யல்கரை
இருக்குமுங்க. மலக்குடலும் மூத்திரப்பையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருக்குது. பின்னால நிறைஞ்சு கிடந்தா முன்னால இடம் சுருங்கும், பை முழுசாக் காலியும் ஆகாது; தேங்கின மூத்திரத்துல கிருமி வளரும். மூத்திரப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. கூடவே வயித்தையும் பார்க்கச் சொல்லுங்க. மலச்சிக்கலைச் சரி பண்ணினதுமே படுக்கை நனையறது குறையற குழந்தைங்க நிறைய.

தாராபுரத்தான்
கடைசியா ஒண்ணு. நடுவுல நிஜமாவே பேதி வந்தா பெக் குடுக்கலாமா?

பெருந்துறை_மருந்தகம்
தண்ணியாப் போனா அந்த ஒண்ணு ரெண்டு நாள் நிறுத்துங்க, அப்போ ஓஆர்எஸ் குடுக்கலாம். நின்னதும் பாதி அளவுல ஆரம்பிச்சு 2 நாள்ல பழைய அளவுக்கு வந்துருங்க. பேதி வந்து போன வாரத்துல தண்ணி குறைஞ்சு மலம் நல்லா இறுகும், அந்தச் சமயத்துல மருந்தை மறந்துட்டா திரும்ப முதல்ல இருந்து. வெயில் காலத்துல ஊருக்குப் போறதா இருந்தா சாஷேயை எண்ணி எடுத்து வச்சுக்குங்க, 17 கிராம் சாஷே எல்லாக் கடையிலயும் இருக்காது.